சுவர் நிறைந்த வர்ணம்: அசீர் பெண்களும் அவர்களது வீடுகளும்

அரேபியா என்று சொன்னதும் எமது மனக்கண்ணில் எழும் நிறங்கள் மூன்றே மூன்றுதான். மணலின் மங்கிய மஞ்சள், ஆண்களின் நீள் அங்கியின் வெண்மை, பெண்களின் அபாயாவின் கருமை. புனித ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் சென்று வந்தோரும், பிழைப்புக்காகப் போய்த் திரும்பியோரும் எமக்குக் காட்டிய படங்களில் இந்த மூன்று நிறங்களுக்கு அப்பால் அதிகம் இருக்கவில்லை. எமது ஊர்களில் புதிய வீடுகளும் பள்ளிவாசல்களும் அறபு முறையில் எழத் தொடங்கிய காலத்தில், காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்சை மரங்கள் நடப்பட்டபோது, நாம் மனதில் கொண்டிருந்த அரேபியாவும் இதுவேதான்.

ஆனால் அதே சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையில், வீட்டுச் சுவரில் ஒரு சாண் இடத்தைக்கூட வெறுமையாக விட மனமில்லாத மக்கள் வாழ்ந்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு என்று கண்ணைப் பறிக்கும் வர்ணங்களை அடுக்கடுக்காக இழுத்து, முக்கோணங்களாலும் சாய்சதுரங்களாலும் வரிகளாலும் அறையைச் சுற்றிலும் நிறைத்தார்கள். இதைச் செய்தவர்கள் அரச சபைக் கலைஞர்கள் அல்லர். கூலிக்கு வந்த வெளியூர் ஓவியரும் அல்லர். அந்தந்த வீட்டின் பெண்களே செய்தார்கள். அவர்களது அந்தக் கலைக்கு 'அல்-கத் அல்-அசீரி' என்று பெயர். 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சவூதிப் பெண்களின் கலை என்று உலகம் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட மரபு அது.

அதன் வரலாற்றை இங்கு சுருக்கமாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டை அலங்கரிப்பது என்பது பணம் படைத்தவனின் பகட்டு என்றும், அடக்கமான முஸ்லிம் வீடு வெறுஞ்சுவரோடு இருக்க வேண்டும் என்றும் எம்மில் பலர் எண்ணுகின்றோம். அசீரின் சுவர்கள் இவ்விரண்டு எண்ணங்களையும் மறுபரிசீலனை செய்ய வைக்கின்றன.

மலையும் வீடும்

அசீர் என்பது செங்கடலை ஒட்டிய திஹாமாத் தாழ்நிலமும், அதிலிருந்து செங்குத்தாக எழும் ஸராத் மலைத்தொடரும் சேர்ந்த பிரதேசம். அதன் தலைநகரான அப்ஹா கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அருகிலுள்ள ஸவ்தா மலை ஏறக்குறைய 3,000 மீற்றர் உயரமானது. பாலைவன நாடு என்று நாம் நினைக்கும் தேசத்தில் இங்கு மழை பெய்கிறது, மூடுபனி இறங்குகிறது, மலைச்சரிவுகளில் படிக்கட்டு வயல்கள் இருக்கின்றன. ஆண்கள் தலையில் பூவும் வாசனைத் தழையும் சூடும் வழக்கம் இப்பகுதியின் சில கோத்திரங்களிடையே இன்றும் உண்டு. வயலில் வேலை செய்த பெண்கள் முக்காட்டுக்கு மேலே அகன்ற விளிம்புடைய ஓலைத் தொப்பி அணிந்தார்கள். வாரச் சந்தையில் தம் விளைபொருளைத் தாமே விற்றார்கள். அந்தப்புரத்தில் அடைபட்ட பெண்கள் பொழுது போக்குவதற்காகச் சுவரில் கிறுக்கினார்கள் என்று யாரேனும் எண்ணினால் அது தவறு. உழைத்துக் களைத்த கைகளே தூரிகையையும் பிடித்தன.

மழையைக் கருத்திற் கொண்டே இங்கு வீடு கட்டப்பட்டது. மேட்டு நிலத்தில் களிமண்ணை வரிசை வரிசையாக ஏற்றிச் சுவர் எழுப்பி, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் தட்டைக் கற்பலகைகளை வெளியே நீட்டிச் செருகுவார்கள். மழைநீர் சுவரில் வழிந்து மண்ணைக் கரைக்காமல் அந்தப் பலகைகளின் நுனியிலிருந்து சொட்டிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் வீடு முழுவதும் இமை முளைத்தது போலத் தெரியும். சரிவின் கீழே ரிஜால் அல்மா என்ற ஊரில் வீடுகள் கல்லாலானவை. கோபுரம் போல் பல மாடிகள் உயர்ந்து, யன்னல்களைச் சுற்றி வெள்ளைப் படிகக் கற்கள் பதிக்கப்பட்டவை. யெமனுக்கும் ஹிஜாஸுக்கும் இடையிலான வர்த்தகப் பாதையில் இருந்ததால் செல்வமும் விருந்தினரும் வந்து சேர்ந்த ஊர் அது.

அரசியல் வரலாற்று நூல்களில் அசீருக்கு இடம் உண்டு. 1872 முதல் முதலாம் உலகப் போர் முடியும் வரை அப்ஹாவில் உஸ்மானியரின் ஆட்சி இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மத் அல்-இத்ரீஸி திஹாமாவில் ஓர் இமாரத்தை நிறுவினார். 1920களில் அப்துல் அஸீஸ் இப்னு ஸஊதின் அதிகாரம் படிப்படியாக இங்கு பரவியது. 1934இல் யெமனோடு நடந்த போரும், அதனை முடித்து வைத்த தாயிப் உடன்படிக்கையும் இப்பகுதி யாருக்குரியது என்பதைத் தீர்த்தன. ஜோன் பில்பி 1936இல் இந்த மலைகளினூடாகப் பயணம் செய்து, 1952இல் வெளியான தமது நூலில் அவற்றை விரிவாக வர்ணித்தார். ஆட்சியாளர், எல்லை, கோத்திரம், படையெடுப்பு என்று எல்லாமே எழுதப்பட்டன. ஆனால் இத்தனை ஆட்சி மாற்றங்களுக்கும் ஊடாக ஒவ்வொரு பெருநாளுக்கும் சுவரைப் பூசி வர்ணம் தீட்டிய பெண்களின் பெயர்களை அந்த ஏடுகளில் தேடினால் கிடைக்காது. இந்த ஓவியத்தின் இயல்பும் அதற்குத் துணைபோயிற்று. புதிய பூச்சு பழையதை மூடிவிடும். தாய் வரைந்ததன் மேல் மகள் வரைவாள். இக்கலையின் ஏடு சுவரின் உள்ளேயே, படை மேல் படையாக மறைந்து கிடந்தது.

கோடு இழுத்த கைகள்

வீட்டைக் கட்டுவது ஆண்களின் வேலை. கட்டி முடிந்த பின் உட்சுவர் பெண்களுடையது. அவர்கள் சுவரை மண்ணால் மெழுகி, வெள்ளை ஜிப்ஸம் பூசி, அதனைத் தளமாகக் கொண்டு வரைவார்கள். 'கத்' என்ற அறபுச் சொல்லுக்கு வெட்டுதல், கீறுதல் என்ற பொருள்கள் உண்டு. இக்கலைக்கு 'நக்ஷ்' என்றும் பெயர் வழங்கியது. அதில் தேர்ந்த பெண்ணைக் 'கத்தாதா' என்பர்.

வேலை நடந்த முறை கவனிக்கத்தக்கது. கத்தாதா முதலில் கரும் வர்ணத்தால் எல்லைக் கோடுகளை இழுப்பாள். அளவுகோலோ மாதிரிப் படமோ கிடையாது. எந்தக் கட்டத்துக்கு எந்த வர்ணம் என்பதைச் சிறு புள்ளியாக வைத்துக் காட்டிவிட்டு அடுத்த பகுதிக்கு நகர்வாள். வீட்டுப் பெண்களும், உறவினரும், அயலவரும், சிறுமிகளும் அந்தப் புள்ளியைப் பார்த்துக் கட்டங்களை நிரப்புவார்கள். யுனெஸ்கோவின் பதிவும் இந்த அம்சத்தையே முக்கியமாகக் குறிப்பிடுகிறது: வீட்டுக்காரி வெவ்வேறு வயதுடைய உறவுப் பெண்களை உதவிக்கு அழைக்கிறாள், அந்த அழைப்பின் வழியாகவே கலை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது. பள்ளிக்கூடமும் பாடநூலும் இல்லாத இடத்தில், கட்டம் நிரப்பப் பழகிய சிறுமி ஒருநாள் கோடு இழுக்கக் கற்றுக்கொண்டாள்.

வர்ணங்கள் கடையில் வாங்கப்பட்டவை அல்ல. கறுப்பு கரியிலிருந்து வந்தது. சிவப்பு செம்மண்ணிலிருந்து வந்தது. நீலத்துக்கு அவுரிச் சாயம். பச்சைக்கு, கால்நடைக்குப் போடும் குதிரைமசால் தழையைப் பறித்து வந்து சுவரின் அடிப்பாகத்தில் தேய்த்துவிடுவார்கள். நிறம் ஒட்டுவதற்கு மரப்பிசின். தூரிகை ஆட்டு மயிரால் கட்டியது. இப்படிப் பார்த்தால் அந்தச் சுவரில் இருந்த செல்வம் எல்லாம் நேரமும் கைத்திறனும்தான். வயலும் அடுப்பும் ஆட்டுப்பட்டியும் தந்தவற்றைக் கொண்டே ஓர் அறை அரண்மனையின் நிறத்தைப் பெற்றது.

இவ்வளவு உழைப்பும் குறிப்பாக எந்த அறையில் கொட்டப்பட்டது தெரியுமா? படுக்கையறையில் அன்று, விருந்தினரை இருத்தும் மஜ்லிஸில். விருந்தாளிகள் தரையில் விரிப்பில் அமர்ந்து சுவரில் முதுகு சாய்ப்பார்கள். ஆகவே அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தை ஒட்டி வர்ணப் பட்டி ஓடும். அதற்கு மேலே வெண்சுவர். மாடிப்படியின் ஓரமும், கதவுச் சட்டங்களும், சுவர்மாடங்களும்கூட விட்டுவைக்கப்படவில்லை. பெருநாட்கள் வரும்போதும் கல்யாணம் வரும்போதும் சுவர் புதிதாகும். வந்தவர் கோப்பியைக் குடித்துக்கொண்டே அந்தச் சுவரைப் பார்ப்பார். வீட்டின் கௌரவத்துக்கு அங்கு சாட்சி சொன்னது வீட்டுக்காரியின் கை.

கோடுகளின் பெயர்கள்

முதல் பார்வைக்கு இவை வெறும் வடிவங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பட்டியின் மேல் விளிம்பில் கிளை விரித்த சிறு மரங்கள் போல வரிசையாக நிற்பவை 'பனாத்'. அதன் பொருள் பெண்பிள்ளைகள் என்பதாகும். பல் பல்லாக இறங்கும் கோடுகள் 'அம்ஷாத்', அதாவது சீப்புகள். முக்கோணங்கள் சேர்ந்து அமையும் சில வடிவங்கள் 'மஹாரீப்', பள்ளிவாசலின் மிஹ்றாப்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியது 'ஷபகா', வலை.

பெண்பிள்ளைகளும் சீப்பும் மிஹ்றாபும் வலையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வீட்டுக்குள் இருப்பதையும் வெளியே இருப்பதையும் இபாதத்தையும் பிரித்து வைக்காத ஒரு பார்வை அது. மனித உருவமோ மிருக உருவமோ இல்லாமல், கோட்டையும் வர்ணத்தையும் மட்டும் கொண்டு ஒரு வீட்டின் உலகம் முழுவதையும் சொல்லிவிட முடிந்திருக்கிறது. அல்ஹம்றாவின் ஓடுகளையும் இஸ்பஹான் பள்ளிவாசல்களின் குவிமாடங்களையும் இஸ்லாமியக் கலை என்று புகழும் நாம், இந்தச் சுவர்களை அந்த வரிசையில் வைத்துப் பார்த்ததில்லை. அவை மன்னர்கள் கட்டியவை, இவை கிராமத்துப் பெண்கள் பூசியவை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அசீர் இதில் தனித்து நிற்கவும் இல்லை. சஹாராவின் தென்விளிம்பில், மௌரிதானியாவின் வலாதா என்ற பழைய கல்வி நகரில், பெண்கள் வீட்டு வாசல்களைச் சுற்றியும் உள்முற்றச் சுவர்களிலும் செம்மண்ணாலும் வெண்மண்ணாலும் அலங்காரம் தீட்டுவார்கள். கையெழுத்துப் பிரதிகளுக்கும் ஆலிம்களுக்கும் பெயர்பெற்ற அந்நகரை, அயல் நகர்கள் மூன்றோடு சேர்த்து 1996இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. ஆண்கள் கிதாபுகளைப் பிரதி செய்த ஊரில் பெண்கள் சுவர்களில் எழுதினார்கள்.

அலங்காரமா, வீண்விரயமா?

இவ்விடத்தில் வாசகர்களில் ஒரு சாராருக்கு எழக்கூடிய கேள்வியைத் தவிர்த்துச் செல்ல முடியாது. வீட்டுச் சுவருக்கு இத்தனை அலங்காரம் மார்க்கத்தில் ஏற்கத்தக்கதா?

ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் வரைந்த திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டதும், நபி (ஸல்) அவர்கள் அதனை விரும்பாததும், பின்னர் அச்சீலை தலையணைகளாக்கப்பட்டதும் நாம் அறிந்த ஹதீஸ். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துவதை நபியவர்கள் ஏற்கவில்லை என்ற கருத்துடைய அறிவிப்பும் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. இவற்றை மறைத்துவிட்டு அலங்காரத்தைப் புகழ்வது நேர்மையாகாது. அதேவேளை, அல்-குர்ஆனின் அல்-அஃராப் அத்தியாயம் வீண்விரயத்தைக் கண்டித்த உடனேயே, அலங்காரத்தை விலக்கப்பட்டதாகக் கருதுவோரை நோக்கி ஒரு கேள்வியையும் எழுப்புகிறது என்பதையும் மறந்துவிட முடியாது. மார்க்கச் சட்டம் பேசுவது இக்கட்டுரையின் வேலை அன்று, அதற்குரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வரலாற்று மாணவன் ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். அசீரின் சுவரில் உருவம் இல்லை. அங்கு தொங்கிய விலையுயர்ந்த பட்டும் இல்லை. கரி, செம்மண், பிசின், புல். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. உறவுப் பெண்கள் கூடியிருந்து செய்யும் வேலை. இதனைப் பகட்டு என்று சொன்னால், இன்று எமது ஊர்களில் கடன்பட்டு வாங்கிப் பதிக்கும் வெளிநாட்டு டைல்ஸுக்கு என்ன பெயர் வைப்பது?

நிறைவும் ஆடம்பரமும் ஒன்றல்ல. சுவர் முழுவதும் வர்ணம் இருந்தும் எளிமையான வீடு இருக்கலாம். வெறுஞ்சுவரோடு கோடிக்கணக்கில் செலவு செய்த வீடும் இருக்கலாம். அசீர் எமக்குக் கற்றுத் தரும் பாடம் இதுவெனலாம்.

சீமெந்து வந்த காலம்

1938இல் சவூதியின் கிழக்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டபோது அதன் விளைவு தென்மேற்கு மலைகளுக்கு உடனே வந்து சேரவில்லை. 1973இல் எண்ணெய் விலை பல மடங்காக உயர்ந்த பின்னரே எல்லாமே வேகமாக மாறின. மலைகளைக் குடைந்து வீதிகள் வந்தன. வீதியில் சீமெந்து வந்தது. மண்வீட்டையும் கல்வீட்டையும் விட்டு மக்கள் கொங்கிரீட் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். தகர டின்களில் அடைத்த வர்ணங்கள் ஏற்கெனவே செம்மண்ணையும் அவுரியையும் ஓரங்கட்டியிருந்தன. அவற்றால் சுவர்களின் நிறம் இன்னும் பளபளப்பாயிற்று என்பதும் உண்மையே. ஆகவே இரசாயன வர்ணம் கலையைக் கொன்றது என்று சொல்வதற்கில்லை. கத்தாதாக்கள் அதனையும் தம் கைக்குப் பழக்கிக்கொண்டார்கள். கொங்கிரீட்டைத்தான் அவர்களால் பழக்க முடியவில்லை.

ஏன்? மண்சுவர் ஆண்டுதோறும் பராமரிப்பைக் கேட்டது. பூச்சு உதிர்ந்தால் மெழுக வேண்டும். மெழுகினால் வரைய வேண்டும். அந்தத் தேவைதான் பெண்களைக் கூட்டிச் சேர்த்தது. கொங்கிரீட் சுவர் யாரையும் கூப்பிடவில்லை. அதற்கு வர்ணம் அடிக்க வந்தவர் கூலி பெறும் வெளிநாட்டுத் தொழிலாளி. மஜ்லிஸில் தரைவிரிப்பின் இடத்தைக் கதிரைகள் பிடித்தன, கண்மட்டம் மாறியது, பட்டி ஓடிய இடம் கதிரையின் முதுகுக்குப் பின்னால் போயிற்று. பெண்பிள்ளைகள் பாடசாலை சென்றார்கள். அது நல்லதுதான். ஆனால் கட்டம் நிரப்ப வீட்டில் சிறுமிகள் இருக்கவில்லை. 1979க்குப் பின்னர் சவூதியின் சமூக வாழ்வில் சமய இறுக்கம் கூடியதும், வட்டார வழக்கங்கள் பின்தங்கியவையாகப் பார்க்கப்பட்டதும் இதனோடு சேர்ந்துகொண்டன. எவரும் தடைச் சட்டம் போட்டு இக்கலையை நிறுத்தவில்லை. அதற்குரிய சுவர் இல்லாமற் போனது, அவ்வளவே. கலைகள் பெரும்பாலும் இவ்வாறுதான் மறைகின்றன.

ஒரு கத்தாதாவும் ஓர் ஊரும்

முழுவதும் மறையாமல் காத்ததில் ரிஜால் அல்மாவுக்கும், அங்கு வாழ்ந்த பாத்திமா அபூ கஹாஸ் என்ற பெண்மணிக்கும் பெரும் பங்குண்டு. பாத்திமா இக்கலையைத் தம் தாயிடமிருந்து கற்றார். கணவர் மரணித்த பின்னர் பிள்ளைகளை வளர்ப்பதற்குச் சுவர் வரைவதையே தொழிலாகக் கொண்டார். பிறர் வீடுகளில் அவர் இழுத்த கோடுகளே அவரது பிள்ளைகளுக்குச் சோறு போட்டன. முதுமையில் ஏனைய பெண்களுக்கும் இக்கலையைப் பயிற்றுவித்தார். 2010இல் காலமானார். பல தலைமுறைகளாகப் பெயரின்றி உழைத்த கத்தாதாக்களின் வரிசையில் உலகம் பெயர் சொல்லி நினைவுகூரும் முதல் சிலரில் அவர் ஒருவர்.

1980களில் ரிஜால் அல்மா மக்கள் தாமாக முன்வந்து, ஆல் அல்வான் மாளிகை எனப்படும் பழைய கல்வீட்டைத் திருத்தி நூதனசாலையாக்கினார்கள். ஆண்கள் உழைப்பையும் பொருளையும் தந்தபோது பெண்கள் தம்மிடமிருந்த பழைய வெள்ளி ஆபரணங்களைக் கொடுத்தார்கள். அந்த நூதனசாலையின் உட்சுவர்களில் கத் மீண்டும் எழுந்தது. இதே காலப்பகுதியில் அப்ஹாவில் அல்-மிப்தாஹா கலைக்கிராமம் உருவாயிற்று. பிரான்ஸைச் சேர்ந்த தியரி மொஜே 1990களில் வெளியிட்ட புகைப்பட நூல்கள் அந்தச் சுவர்களை வெளியுலகுக்குக் கொண்டு சென்றன. அவர் படம்பிடித்த வீடுகளிற் பல பின்னர் இடிந்துபோயின. பிற்காலத்தில் அசீர்ப் பெண்கள் சேர்ந்து வரைந்த நீண்டதோர் ஓவியம் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்திலும் வைக்கப்பட்டது. 2017 டிசம்பரில் தென்கொரியாவில் கூடிய யுனெஸ்கோ குழு இதனைப் பட்டியலில் சேர்த்தது இவையெல்லாவற்றுக்கும் பின்னர்தான்.

இன்று ஹோட்டல் வரவேற்பறைகளிலும், கோப்பைகளிலும், கைப்பைகளிலும், விளம்பரங்களிலும் இந்தக் கோலங்களைக் காணலாம். ஆண் ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும்கூட இதில் ஈடுபடுகின்றனர். பெயர் கிடைத்துவிட்டது, பணமும் ஓரளவு கிடைக்கிறது. ஆனால் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் ஒரு வீட்டுக்காரி அயல்வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுச் சுவர் முன்னால் இருத்திய அந்தக் கூட்டத்தை நூதனசாலையில் வைத்துக் காப்பாற்ற முடியாது. அழைப்பு இல்லாமல் கத் இருக்கலாம். ஆனால் அது இனி வேறொரு பொருள்.

எமது பெண்கள் கண்ட அரேபியா

1970களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைப் பெண்கள் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினர். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. போனவர்களில் எமது சமூகத்துப் பெண்களும் ஏராளம். அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் சேர்ந்த நாடு சவூதி அரேபியா. பாத்திமா அபூ கஹாஸ் முதுமையில் பெண்களுக்குக் கோடு இழுக்கப் பழக்கிய அதே ஆண்டுகளில், கல்முனையிலிருந்தும் மூதூரிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் போன எமது சகோதரிகள் அந்நாட்டின் கொங்கிரீட் வீடுகளின் சுவர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எமது ஊர்களிலும் மண்வீடு கல்வீடாயிற்று, கிடுகு ஓடாயிற்று, ஓடு கொங்கிரீட் தட்டாயிற்று. நாம் அரேபியாவிலிருந்து பெற்றதாக எண்ணும் வீட்டு அழகு, அரேபியாவே தன் பழைய அழகைக் கைவிட்ட பின்னர் கட்டிய வீட்டின் சாயல்தான்.

இதைச் சொல்வது யாரையும் குறைகூறுவதற்கன்று. மழைக்கு ஒழுகாத கூரை வேண்டும் என்பது மனிதத் தேவை. கேள்வி வேறு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுடையது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்கப்படும். மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வருவார். இந்த முறையை மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே தமது 2008ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இப்படி வீட்டுரிமை பெண்ணிடம் இருந்த சமூகத்தில், வீட்டுக்குள் பெண்ணின் கை படைத்த அழகு என்னவாயிற்று?

அது சுவரில் இருக்கவில்லை, தரையில் இருந்தது. பன்னைப் பறித்து, காயவைத்து, சாயம் காய்ச்சித் தோய்த்து, உம்மாமார் இழைத்த பாய்கள் எமது வீடுகளின் வர்ணமாயிருந்தன. சிவப்பும் ஊதாவும் பச்சையும் இழையோடும் பாய் விரிந்ததும் மண்தரை மறைந்து அறை மாறிவிடும். வந்தவரை அதில்தான் இருத்தினோம். புதுமாப்பிள்ளையையும் அதில்தான் இருத்தினோம். அக்கரைப்பற்று, நிந்தவூர் போன்ற ஊர்களில் பாய் இழைக்கும் கைகள் இருந்தன. அயல்பெண்கள் கூடியிருந்து கதை பேசிக்கொண்டே இழைத்தார்கள். சிறுமிகள் ஓரத்தில் இருந்து பழகினார்கள். பிளாஸ்ரிக் பாயும் டைல்ஸும் வந்த பின் அந்தக் கூட்டமும் கலைந்தது. அசீரில் நடந்தது எதுவோ அதுவே இங்கும் நடந்திருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். அங்கே பனாத், அம்ஷாத், மஹாரீப் என்று ஒவ்வொரு கோட்டின் பெயரையும் யாரோ கேட்டு எழுதி வைத்தார்கள். கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே கேட்டார்கள்.

எமது பாய்களிலும் கட்டங்கள் இருக்கின்றன, சாய்வரிகள் இருக்கின்றன, ஓரத்து வேலைப்பாடுகள் இருக்கின்றன. இழைத்தவர்கள் அவற்றைப் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். எமது கவிதை, கதை, நாட்டார் பாடல் எல்லாவற்றையும் தொகுத்துப் பதிப்பித்த சமூகம் நாம். கிராமியக் கவிகளைச் சேகரிப்பதற்காக வீடு வீடாக ஏறி இறங்கிய எமது முன்னோடிகள் பாயில் அமர்ந்துதான் அவற்றை எழுதிக்கொண்டார்கள். அமர்ந்திருந்த பாயை அவர்கள் ஒரு பிரதியாகப் படிக்கவில்லை. இனிப் படிக்க வேண்டியவர்கள் இளைய ஆய்வாளர்கள், சிறப்பாக எமது பல்கலைக்கழக மாணவிகள். ஊரில் பாய் இழைக்கத் தெரிந்த மூத்தம்மா ஒருவர் இன்னும் இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், ஒவ்வொரு வேலைப்பாடாக விரலால் தொட்டுக் காட்டி அதன் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள்.